சென்னை என்று சொல்லிவிடு

1

போன வாரம் எங்கள் கம்பெனியின் மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு பெண் நான் வேலை பார்க்கும் சாமான் ஸ்டோருக்குப் போன் செய்தாள். நல்ல பெண், நம்ம தமிழ்ப் பெண்தான், இங்கே சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவள். பாதுகாப்புத் தணிக்கை வருகிறதாம். அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று நாங்கள் எழுதிக்கொடுத்திருக்கும் எண்களையெல்லாம் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுச் சரிபார்க்கிறார்களாம்.

"அங்கிள், உங்க செகண்ட் கான்டாக்ட் நம்பர் கிடைக்கவே இல்ல லா. மூணு தரம் ட்ரை பண்ணிட்டேன். நாட் இன் யூஸ்னு வருது. வேற நம்பர் குடுத்துடுறீங்களா?"

பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? முதல் பெயர் என் மனைவி வசந்தா. இரண்டாவது பெயர் ராமலிங்கம், உறவு சகோதரர், ஊர் குளித்தலை. இந்தக் கம்பெனியில் சேர்ந்த அன்று, பூன் லேயில் ஒரு தகரக் கூரை ஆபீசில், கார்பன் தாள் வைத்த படிவத்தில் நானே எழுதியது. இருபத்தெட்டு வருடம் ஆகிறது. படிவம் பிறகு கம்ப்யூட்டருக்குப் போனது, இப்போது கைப்பேசிக்குள் வந்துவிட்டது. வருடா வருடம் மாற்றம் உண்டா என்று கேட்பார்கள். அவர் கைப்பேசி வாங்கியபோது எண்ணை மட்டும் ஒருமுறை மாற்றினேன், மற்றபடி இல்லை என்று அழுத்துவேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த இருபத்தெட்டு வருடத்தில் பன்னிரண்டு வருடம் நானும் அண்ணனும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. வசந்தா ஒருமுறை இந்தப் படிவத்தைப் பார்த்துவிட்டு, பேசாத மனுஷன் பெயர் இங்கே எதற்கு என்று கேட்டாள். எனக்கு ஏதாவது ஆனால் அப்போதாவது வருகிறாரா பார்ப்போம் என்றேன். கோபமாகத்தான் சொன்னேன். ஆனால் பெயரை எடுக்கவில்லை.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர்தான் போய்விட்டார். போய் ஒரு வருடம் ஆகிறது. அந்த எண்ணுக்கு யாரும் பணம் கட்டாததால் சிம் செத்திருக்கும். அதைத்தான் அந்தப் பெண் எனக்குச் சொன்னாள். ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு இதெல்லாம் பெரிய விஷயமாகத் தெரியாது. நான் அன்று மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனேன்.

2

குளித்தலையைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருச்சியிலிருந்து கரூர் போகும் வழியில் காவிரியின் தென்கரையில் இருக்கும் சின்ன ஊர். ஆறு அங்கே அகலம். எதிர்க்கரையில் முசிறி, நடுவில் நீளமான பாலம். ஊருக்குள் கடம்பர் கோயில், தெற்கே கொஞ்சதூரத்தில் அய்யர்மலை, பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் ஈங்கோய்மலை. காலையில் கடம்பரையும் உச்சிப்பொழுதில் அய்யர்மலைச் சாமியையும் சாயங்காலம் ஈங்கோய்மலையையும் ஒரே நாளில் பார்த்து முடிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். கார்த்திகையில் கூட்டம் அள்ளும்.

எனக்கு அந்த ஊர் மீது பெரிய ஏக்கம் எல்லாம் கிடையாது. கொசு, வெயில், எல்லாருக்கும் எல்லார் வீட்டு விவகாரமும் தெரியும். கடம்பர் கோயில் தெருவில் அப்பா ஒரு காபிக்கடை வைத்திருந்தார். அவருக்குப் பிறகு அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டார். நான் தப்பித்து விமானம் ஏறியவன். வந்த புதிதில் மாதம் ஒரு கடிதம் அண்ணனுக்கு எழுதுவேன், பிறகு போன்.

அம்மா இறந்தது ஒரு ஆடி மாதம், வெள்ளிக்கிழமை சாயங்காலம். எங்கள் பக்கம் அப்பாவுக்கு மூத்தவன் கொள்ளி வைப்பான், அம்மாவுக்கு இளையவன். அப்பாவுக்கு அண்ணன் வைத்தாயிற்று. அம்மாவுக்கு நான் வைக்க வேண்டும். எவ்வளவு நேரம் ஆகும் என்று அண்ணன் கேட்டார். காலையில் கிளம்பிவிடுவேன் என்று வாய் சொல்லிவிட்டது. பிறகுதான் உறைத்தது.

அதற்கு மூன்று மாதம் முன்புதான் நான் சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியிருந்தேன். பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைத்தாயிற்று. கையில் இருந்தது புதுச் சிவப்பு பாஸ்போர்ட். அதில் விசா இல்லாமல் நான் பிறந்த ஊருக்குள் நானே நுழைய முடியாது. சனி, ஞாயிறு விசா அலுவலகம் கிடையாது. திங்கள் காலையில்தான் திறப்பார்கள்.

அண்ணனிடம் குடியுரிமை மாறிய விஷயத்தை நான் சொல்லியிருக்கவில்லை. சொன்னால் வருத்தப்படுவார் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். அம்மா பிணமாகக் கிடக்கும்போதா அதைச் சொல்வது? டிக்கெட் கிடைக்கவில்லை என்று சொன்னேன். சனிக்கிழமையும் அதையே சொன்னேன். ஞாயிறு காலையிலும் அதையே சொன்னேன். அவர் ஐஸ் பெட்டி வைத்துக் காத்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறு மத்தியானம் மேலே அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். ஆட்டோவில் மைக் கட்டிக் கரையோரம் முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார்களாம். எங்கள் ஊர்ச் சுடுகாடு ஆற்றங்கரையில். பொழுதுக்குள் எடுக்காவிட்டால் இன்னும் ஒரு வாரத்துக்கு எடுக்க முடியாது. அண்ணன் எடுத்துவிட்டார். கொள்ளியும் அவரே வைத்துவிட்டார்.

நான் செவ்வாய்க்கிழமை மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். நேராக ஆற்றங்கரைக்குத்தான் போனேன். சுடுகாட்டுக் கொட்டகைத் தூண்கள் பாதிவரை தண்ணீரில் நின்றன. பால் தெளிக்கவும் இடமில்லை, எலும்பு பொறுக்கவும் இடமில்லை. அம்மாவின் சாம்பல்கூட எனக்கு மிஞ்சவில்லை. அண்ணன் பின்னாலேயே வந்து நின்றார். சொந்தக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் கரையில் இருந்தார்கள்.

"ரெண்டு நாளு பொட்டியில வெச்சிருந்தேண்டா. தண்ணி வந்துருச்சு" என்றார்.

அத்தனை பேர் முன்னால் நான் சொன்னேன்: "எனக்கு அண்ணன்னு ஒருத்தன் இருந்தான். அவனும் அம்மாவோட சேர்ந்து போயிட்டான்."

அவர் தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு மேட்டில் ஏறிப் போய்விட்டார். தப்பு யாருடையது என்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்ததால்தான் அவ்வளவு கத்தினேன். நான் அன்றே திருச்சிக்குப் போய் அறை எடுத்துத் தங்கி, மறுநாள் விமானம் ஏறிவிட்டேன். அதுதான் கடைசி.

3

என் மகள் கயல்விழிக்கு அப்போது பதினான்கு வயது. பரீட்சை என்று அவளை அழைத்துப் போகவில்லை. அவள் குளித்தலையைக் கடைசியாகப் பார்த்தது ஏழு வயதில். அவளுக்கு அந்த ஊர் என்றால் அய்யர்மலைக் குரங்கு ஒன்று அவள் கையிலிருந்து வாழைப்பழத்தைப் பிடுங்கியது மட்டும்தான் நினைவு. பெரியப்பா என்று ஒருவர் இருக்கிறார், அப்பாவுக்கும் அவருக்கும் பேச்சு இல்லை, அதைப் பற்றிக் கேட்டால் அப்பாவுக்கு முகம் மாறும் என்பதும் தெரியும்.

அவளுக்குத் திருமணம் ஆன அடுத்த தை மாதம், அவளும் மாப்பிள்ளை வினோத்தும் திருச்சிக்குப் போவதாகச் சொன்னார்கள். வினோத்தும் இங்கே பிறந்த பையன். அவனுடைய பாட்டனார் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவராம். எந்த ஊரிலிருந்து வந்தார் என்று அவர்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. அதனால் என் ஊரையாவது பார்க்கலாம் என்று அவனுக்கு ஆசை.

"அப்பா, உங்க ஊர்ல என்ன பாக்கணும்? வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க" என்றாள் கயல். பிறகு கொஞ்சம் தயங்கி, "பெரியப்பா ஸ்டில் தேர் ஆ?" என்று கேட்டாள்.

இருக்கிறார், போய்ப் பார் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஒரு நொடி வேலை. என் வீம்பு என்ன சொன்னது தெரியுமா? அவர்கள் எல்லாம் கரூர்ப் பக்கம் போய்விட்டார்கள் என்று சொன்னது.

வசந்தா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது.

அன்று சாயங்காலம் உட்கார்ந்து, வாட்ஸ்அப் வேண்டாம், தொலைந்துபோகும் என்று, தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் பேனாவால் எழுதினேன். முதலில் கடம்பர் கோயில், லிங்கத்துக்குப் பின்னால் சுவரில் ஏழு கன்னிமார் இருப்பார்கள், பார்க்காமல் வந்துவிடாதே. இரண்டாவது, அதே தெருவில் வேப்பமரத்தடியில் ஒரு காபிக்கடை, கட்டாயம் காபி குடிக்கவும். மூன்றாவது அய்யர்மலை, உச்சிப்பொழுதுக்குள் ஏறிவிடு, கையில் தின்பண்டம் வைத்துக்கொள்ளாதே. நான்காவது, பாலத்தில் நடந்தே போய் நடுவில் நின்று ஆற்றைப் பார். ஐந்தாவது ஈங்கோய்மலை, பொழுது சாய்வதற்குள்.

கட்டாயம் என்ற வார்த்தைக்குக் கீழே இரண்டு கோடு போட்டேன். என் கணக்கு இதுதான். அவள் அப்படியே எங்கள் அம்மா சாடை. அண்ணன் பார்த்தால் போதும், கண்டுகொள்வார். யார் பெண் என்று கேட்பார், இவள் சொல்வாள், அவர் அழுவார், என் எண்ணை வாங்குவார், அவரே கூப்பிடுவார். நான் இறங்கிப் போனதாகவும் இருக்காது. இப்படி ஒரு புத்திசாலித்தனம் எனக்கு.

வசந்தா மட்டும், சுற்றி வளைக்காமல் பெண்ணிடம் நேராகச் சொல்லுங்கள் என்றாள். உனக்கு ஒன்றும் தெரியாது என்று அடக்கிவிட்டேன்.

சாங்கி விமான நிலையத்தில் வழியனுப்பும்போது, வழக்கமாகச் சொல்வதையெல்லாம் சொன்னேன். குழாய்த் தண்ணீர் குடிக்காதே, பாஸ்போர்ட்டைக் கைப்பையில் வைக்காதே. யாராவது எந்த ஊர் என்று கேட்டால் சிங்கப்பூர் என்று வாயைத் திறக்காதே, ஆட்டோக்காரன் ஒன்றுக்கு மூன்றாகக் கேட்பான், சென்னை என்று சொல்லிவிடு. அவளுக்குச் சின்ன வயதிலிருந்து ஒவ்வொரு இந்தியப் பயணத்துக்கும் நான் சொல்வதுதான். இங்கே இருக்கும் எல்லா அப்பன்களும் பிள்ளைகளுக்குச் சொல்வதுதான். "தெரியும்பா, சென்னை, சென்னை" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

காலண்டர்த் தாளையும் இந்தச் சென்னையையும் ஒன்றாக வைத்து நான் யோசிக்கவே இல்லை. இப்போது யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

4

அவர்கள் திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை புக்கிட் பாத்தோக்கில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். கயல் கைப்பேசியில் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினாள். கடம்பர் கோபுரம். மலைப்படியில் வினோத் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. இப்போது ரோப் கார் வந்துவிட்டதாம், இவர்கள் வீம்புக்குப் படியேறியிருக்கிறார்கள். பாலத்திலிருந்து எடுத்த ஆறு, பாதிக்கு மேல் மணல்.

நான் இன்னும் இன்னும் என்று பின்னால் தள்ளச் சொன்னேன். வந்தது. பித்தளை டபராவில் காபி, மேலே நுரை. அதற்குப் பின்னால், கொஞ்சம் மங்கலாக, பாய்லர் பக்கத்தில் தோளில் துண்டோடு ஒரு கிழவர். தலை முழுக்க நரைத்துவிட்டது. முன்பைவிடப் பாதி ஆள். கேமராவைப் பார்க்கவில்லை. அதைப் பிடித்திருந்த என் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காபி எப்படி?" என்று கேட்டேன். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டேன்.

"சூப்பர் பா. அந்த அங்கிள் சோ ஸ்வீட், யூ நோ. எனக்கு ரொம்பச் சூடா இருந்துச்சு, குடிக்க முடியல. அவரே வாங்கி ஆத்திக் குடுத்தாரு, லைக் சின்னப் பிள்ளைக்கு ஆத்துற மாதிரி."

"பேசினாரா?"

"ஆமா. நான் லெஃப்ட் ஹேண்ட்ல கப் புடிச்சேன்ல, அதைப் பாத்துட்டு அவங்க அம்மாவும் லெஃப்டியாம், அப்படின்னாரு. அப்புறம் எந்த ஊருன்னு கேட்டாரு. நான் சென்னைன்னு சொல்லிட்டேன், ஜஸ்ட் லைக் யூ டோல்ட் மீ லா."

வசந்தா கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் ஒண்ணும் இல்ல. சிரிச்சாரு. அப்பா நல்லா இருக்காராம்மான்னு கேட்டாரு. நல்லா இருக்காங்கன்னு சொன்னேன். உங்க லிஸ்ட்டை டேபிள்ல வெச்சிருந்தேன், அதை எடுத்துப் படிச்சாரு. ரொம்ப நேரம் படிச்சாரு பா. சரியாத்தான் எழுதியிருக்கு, இதே வரிசையில போங்கன்னு சொல்லிக் குடுத்துட்டாரு."

எங்கள் அம்மா இடதுகைக்காரி. தோசை திருப்புவது, கோலம் போடுவது, எங்களை அடிப்பது எல்லாம் இடது கையில்தான். கயலுக்கு அது அப்படியே வந்திருக்கிறது. போதாததற்கு என் கையெழுத்து. வந்த புதிதில் மாதா மாதம் அவருக்கு நான் எழுதிய அதே கையெழுத்து. அண்ணனுக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது. முகம் சொல்லியது, கை சொல்லியது, தாள் சொல்லியது. என் மகள் மட்டும் சென்னை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

அவளைக் கோபித்து என்ன பிரயோஜனம்? அப்பா சொன்னதை அப்படியே கேட்டிருக்கிறாள். வளர்ந்த பிறகு அவள் நான் சொன்னதைக் கேட்டதே அபூர்வம், அதில் இது ஒன்று.

5

அப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அன்றே போனை எடுத்து, அண்ணே, அது என் மகள், ஆட்டோக்காரனுக்குப் பயந்து அப்படிச் சொல்லச் சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். எண் மனப்பாடம். வசந்தா போனை எடுத்து என் கையில் திணித்தாள்.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அவருக்குத்தான் தெரிந்துவிட்டதே, ஆற்றிக் கொடுத்திருக்கிறார், அப்பா நல்லா இருக்காரா என்று கேட்டிருக்கிறார், மனசு இறங்கிவிட்டது, இனி அவரே கூப்பிடுவார். மூத்தவர்தானே, கூப்பிடட்டும்.

கூப்பிடவில்லை. பூன் லேக்குப் போகும் பஸ்ஸில் தினமும் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இந்தியா எண் வந்தால் எடுத்துவிடுவேன். கடன் அட்டை வேண்டுமா என்று கேட்பார்கள். மாசி போனது, பங்குனி போனது, சித்திரை வந்தது. எனக்கு மெல்லக் கோபம் வர ஆரம்பித்தது. பெண்ணையே அனுப்பினேன், அதற்கும் அசையவில்லை, என்ன திமிர் என்று வசந்தாவிடம் கத்தினேன். அவள் என்னிடம் இந்த விஷயம் பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

ஆவணியில் ஒரு காலை, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது இந்தியா எண் வந்தது. அண்ணன் மகன் செந்தில். குழந்தையாக இருக்கும்போது தூக்கிய பையன், இப்போது குரல் அண்ணன் மாதிரியே இருந்தது. கடை திறக்கப் போனவர் பாய்லர் பக்கத்திலேயே சரிந்துவிட்டார் என்றான். சித்தப்பா வரும்வரை எடுக்கக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார்கள் என்றான்.

6

இந்த முறை விசா எல்லாம் கையில் இருந்தது. விமானத்திலும் இடம் இருந்தது, சாயங்காலம் கிளம்பலாம். எல்லாம் சுலபமாக நடந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

இடையில் இருந்த நேரத்தில் தேக்காவில் நம்மவர்கள் கடைத்தெருவுக்குப் போனேன். அண்ணனுக்குப் போட ஒரு வேட்டி வாங்க வேண்டும் என்று தோன்றியது. கடைக்காரர் எட்டு முழமா நாலு முழமா, யாருக்கு என்று கேட்டார். அண்ணனுக்கு என்றேன். அறுபதாம் கல்யாணமா என்று சிரித்த முகத்தோடு கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. உள்ளதைச் சொல்ல எனக்கு வாய் வருவதே இல்லை, அது பழக்கமாகிவிட்டது. சரிகை வைத்ததை எடுத்துக் கட்டிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தால் கயல் உட்கார்ந்திருந்தாள். கையில் அவள் அம்மாவின் போன். செந்தில் அனுப்பிய கண்ணீர் அஞ்சலிப் படம் அதில் திறந்திருந்தது.

"அப்பா, இது அந்தக் காபிக்கடை அங்கிள்."

"உன் பெரியப்பா" என்றேன்.

அவள் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். "கரூர் போயிட்டாங்கன்னு சொன்னீங்க."

நான் வேட்டிப் பொட்டலத்தை மேசை மேல் வைத்தேன்.

"நான் அவர்கிட்ட பொய் சொன்னேன் பா. யூ மேட் மீ." கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம். பிறகு, நானும் வரேன் என்று சொல்லிவிட்டு வினோத்துக்குப் போன் போட எழுந்து போனாள்.

மறுநாள் காலையில் போய்ச் சேர்ந்தோம். அண்ணனைக் கூடத்தில் பெட்டியில் வைத்திருந்தார்கள். பன்னிரண்டு வருடம் கழித்து நான் அவரைப் பார்த்தது அப்படித்தான். சரிகை வேட்டியை மேலே போர்த்தினேன். அண்ணி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து அழுதார், பிறகு எனக்குப் பின்னால் நின்ற கயலைப் பார்த்தார். கையை நீட்டிக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தார். அவளுடைய இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"நீதானே கண்ணு சென்னைப் பொண்ணு" என்றார்.

அண்ணி அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அழுதுகொண்டே, இருந்ததை இருந்தபடி சொன்னார். "அன்னைக்கு மத்தியானம் கடையச் சாத்திட்டு வந்து உக்காந்துட்டாரு. தம்பி மக வந்திருந்துச்சு, அம்மா மாதிரியே இருக்குன்னாரு. கூட்டிட்டு வரவேண்டியதுதானேன்னேன். என்னையப் பாக்கச் சொல்லி அனுப்பியிருக்கான், உறவு சொல்ல வேணாம்னும் சொல்லி அனுப்பியிருக்கான்னாரு. நீங்களாவது ஒரு போனு போடுங்கன்னேன். உறவு வேணாம்ங்கறவன்கிட்ட போனு போட்டு என்னத்தப் பேசன்னு கேட்டாரு. அதுக்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கல தம்பி."

கயல் என்னைப் பார்த்தாள். பிறகு அண்ணியிடம் திரும்பி, அவளுக்குத் தெரிந்த தமிழில் மெதுவாகச் சொன்னாள்: "ஆமா பெரியம்மா. அப்பாதான் அப்படிச் சொல்லச் சொன்னாங்க."

அவள் உண்மையைத்தான் சொன்னாள். என்னைக் காட்டிக்கொடுக்கவும் சொல்லவில்லை, மன்னிப்புக் கேட்பது மாதிரி சொன்னாள். அண்ணி தலையை ஆட்டினார், தெரிந்ததுதானே என்பது போல. என் முறை அது. நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அண்ணன் பிணம் கிடக்கிறது, சுற்றி ஐம்பது பேர் நிற்கிறார்கள், அங்கே நின்றுகொண்டு ஆட்டோக்காரன், மூன்று மடங்கு என்று எப்படி ஆரம்பிப்பது? அத்தனை சின்ன விஷயம் அது. அந்த இடத்தில் சொல்ல முடியாத அளவுக்குச் சின்ன விஷயம். 

பொழுது சாய்வதற்கு முன் எடுத்தோம். செந்தில் கொள்ளி வைத்தான். நான் வாய்க்கரிசி போட்டேன். ஆற்றில் அன்று தண்ணீர் ஒரு ஓரமாகத்தான் ஓடியது. அவசரமே இல்லை, இன்னும் இரண்டு நாள்கூடக் காத்திருக்கலாம். எதிரே பாலத்தில் பஸ் போவது தெரிந்தது, அதற்கும் அப்பால் ஈங்கோய்மலை. நான் எழுதிக்கொடுத்த ஐந்தையும் கயல் வரிசையாகப் பார்த்து முடித்தவள். இப்போது என் பக்கத்தில் நின்று சுடுகாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

7

மனிதவளப் பிரிவுப் பெண் முதல் போனுக்கு இரண்டு நாள் கழித்து மறுபடி கூப்பிட்டாள். மகள் நம்பர் இருந்தால்கூடப் போதும் அங்கிள் என்றாள். கயல் பொங்கோலில் இருக்கிறாள், அரை மணியில் வந்துவிடுவாள், அவள் பெயரைப் போடுவதுதான் முறை. கைப்பேசியில் படிவத்தைத் திறந்தேன். ராமலிங்கம் என்ற பெயருக்குப் பக்கத்தில் அழிப்பதற்கு ஒரு சின்னக் குப்பைத்தொட்டிப் படம் போட்டிருக்கிறார்கள். என்னால் அதை அழுத்த முடியவில்லை.

இந்த ஒரு வருடத்தில் அண்ணியிடம் நான் பண்டிகை, காரியம் என்று நான்கைந்து முறை பேசியிருப்பேன். மருந்து சாப்பிட்டீர்களா, செந்தில் கடையைப் பார்த்துக்கொள்கிறானா, அவ்வளவுதான். சென்னைப் பேச்சை நானும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. கயல் இரண்டு முறை கேட்டாள், பெரியம்மாவிடம் சொன்னீர்களா என்று. இன்னும் இல்லை என்றேன். அவள் வீட்டு வரவேற்பறையில் அந்தக் காபிப் படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறாள். நான் போனால் அதற்கு முதுகு காட்டித்தான் உட்காருவேன்.

ஸ்டோரில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். பையன்கள் எல்லாம் சாப்பிடப் போய்விட்டார்கள். சாரக்கட்டுக் குழாய்கள் அடுக்கியிருக்கும் பக்கம் போய் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டு அண்ணியைக் கூப்பிட்டேன். இப்படி ஒரு படிவம், அண்ணன் பெயர் இத்தனை வருடமாக இதில் இருக்கிறது, அந்த இடத்தில் உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். பேசாமல் இருந்த காலத்திலும் அதில் இருந்ததா என்று அண்ணி கேட்டார். இருந்தது என்றேன். போட்டுக்கோ தம்பி என்றார்.

பிறகு சொல்லிவிட்டேன். எப்படி ஆரம்பித்தேன் என்று நினைவில்லை. கயலை உறவு சொல்ல வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை அண்ணி என்றேன். அண்ணன் கண்டுபிடிக்க வேண்டும் என்றுதான் கடைக்கே அனுப்பினேன் என்றேன். சிங்கப்பூர் என்று தெரிந்தால் ஆட்டோக்காரன் அதிகம் கேட்பான், அதற்காகச் சென்னை என்று சொல்லச் சொன்னேன், அது அவளுக்குச் சின்ன வயதிலிருந்து சொல்வது, அண்ணனிடமும் அதையே சொல்லுவாள் என்று எனக்குத் தோன்றவில்லை என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே கேவலமாக இருந்தது.

 லைன் போய்விட்டதோ என்று இரண்டு முறை அண்ணி, அண்ணி என்றேன்.

"ஆட்டோக்காரனுக்கா தம்பி?" என்றார்.

"ஆமா அண்ணி."

"அவருகிட்டச் சொல்லியிருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பாரே" என்றார் அண்ணி. பிறகு அவர் அழுவதுதான் கேட்டது. செந்தில் வந்து போனை வாங்கினான்.